ஆடும் அடுப்பு: சிறு படகுச் சமையல் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

கடற்பயண நூல்களைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் படிந்துவிடுகிறது. புயல் வரும் பக்கங்களை வேகமாகக் கடந்துவிடுகிறோம். எல்லாப் புயல்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே எழுதப்பட்டிருக்கின்றன. மாறாக, போகிற போக்கில் சொல்லப்படும் ஒரு கோப்பைச் சூடான பால், தரையில் சிந்திய கஞ்சி, ஒரு பக்கம் கருகிப்போன ரொட்டி ஆகியவற்றில் நின்றுவிடுகிறோம். நட்சத்திரத்தை அளந்து வழி கண்டவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. ஆடிக்கொண்டே இருக்கும் இருபதடிப் படகுக்குள் நெருப்பு மூட்டியவரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அந்த நெருப்பை வைத்துப் பார்த்தால், சிறு படகுப் பயணங்களின் வரலாறு அடுப்பில்லாத படகுகளின் காலம், அடுப்புள்ள படகுகளின் காலம் என்று இரண்டாகவே பிரிகிறது.

பெரிய கப்பல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1545இல் மூழ்கிய ஆங்கிலேயப் போர்க்கப்பலான மேரி ரோஸை அகழ்ந்தபோது, அதன் அடித்தளத்தில் செங்கல்லால் கட்டிய இரண்டு பெரிய அடுப்புகள் கிடைத்தன. நூற்றுக்கணக்கானோருக்கு அண்டாக்களில் இறைச்சி வேகவைத்த அடுப்புகள் அவை. மரக்கப்பலுக்குள் செங்கல் வீடு கட்டி நெருப்பை அடைத்து வைத்தார்கள் என்று சொல்லலாம். அந்தக் கனத்தைச் சிறு படகு தாங்காது. ஆகவே, சிறு படகில் கடலில் தள்ளப்பட்டவன் பச்சையாகத் தின்றான்.

எவ்வளவு பச்சையாக என்பதற்கு வில்லியம் பிளையின் கதை போதும். 1789 ஏப்ரல் 28 அன்று பவுண்டி கப்பலில் கலகம் செய்தவர்கள், தலைவரான அவரையும் அவரோடு 18 பேரையும் 23 அடி நீளப் படகொன்றில் இறக்கிவிட்டார்கள். தோஃபுவா தீவில் ஒருவர் கொல்லப்பட்டார். மற்றவர்கள் பசிபிக்கின் மேற்குப் பகுதியைக் கடந்து ஜூன் 14 அன்று தீமோர் தீவின் கூப்பாங் துறையை அடைந்தார்கள். கடலோடிகளின் திறமைக்குச் சான்றாக இந்தப் பயணத்தைச் சொல்வது வழக்கம். நம்மை நிறுத்துவது அந்தப் படகின் தராசு. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டுகளாக்கி, ஒரு துப்பாக்கிக் குண்டை எடைக்கல்லாக வைத்து, ஆளுக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 18 கிராம் ரொட்டி நிறுத்துக் கொடுத்தார் பிளை. பறவை ஏதும் கையில் அகப்பட்டால் பச்சையாகவே பங்கு போட்டார்கள். அதன் இரத்தம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு. மழையில் நனைந்த உடையைக் கடல்நீரில் நனைத்துப் பிழிந்து மறுபடி உடுத்திக்கொண்டார்கள். மழைநீரைவிடக் கடல்நீர் வெதுவெதுப்பாக இருந்ததே காரணம். ஆஸ்திரேலியக் கரையோரத் தீவொன்றில் ஒதுங்கியபோதுதான், உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தீ மூட்டி, சிப்பிகளோடு ரொட்டியும் பன்றி இறைச்சியும் சேர்த்து ஒரு செப்புப் பாத்திரத்தில் வேகவைத்தார்கள். பிளையைக் கொடுங்கோலர் என்று திரைப்படங்கள் சொல்லிவந்திருக்கின்றன. அந்தத் தராசைப் பிடித்த கை நேர்மையானது என்பதை மறுக்க நமக்கு மனம் வரவில்லை.

அடுப்பில்லாத காலத்தை முடித்து வைத்தவர் மாலுமி அல்லர். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892இல் திரியில்லாத, புகையில்லாத மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை உருவாக்கினார். அதன் பெயர் பிரைமஸ். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; நம் வீடுகளில் எரிவாயு வருவதற்கு முன் மூச்சிரைத்துக்கொண்டிருந்த பம்ப் ஸ்டவ்தான் அது. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தித் தலையைச் சூடாக்க வேண்டும். பிறகு பம்ப் அடித்தால் காற்றழுத்தத்தில் எண்ணெய் மேலேறி, சூடான குழாயில் ஆவியாகி, ஊசிமுனைத் துளையின் வழியே பீறிட்டு நீலமாக எரியும். துளை அடைத்துக்கொண்டால் ஸ்டவ் பின்னால் குத்த வேண்டும். நம் பாட்டிமார் செய்த இதே காரியத்தைத் துருவப் பயணிகள் பனிக்கூடாரங்களுக்குள் செய்தார்கள். அதே அடுப்பு நம் ஊர் நாளிதழ்களில், 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தியாக எத்தனை வீடுகளின் குற்றத்தை மறைத்துக்கொடுத்தது என்பதையும் சொல்லாமல் இந்தப் பொருளைப் புகழ நமக்கு இயலவில்லை.

நார்வேயின் நான்சென் தம் 1893-96 துருவப் பயணத்துக்குப் பிரைமஸ் அடுப்பை எடுத்துச் சென்றார். அதன்மேல் வைப்பதற்கென்று அவர் வகுத்த அலுமினியப் பாத்திரம் சிக்கனத்தின் உச்சம். நடுப்பாத்திரத்தில் உணவு வேகும்; பக்கவாட்டில் தப்பும் வெப்பம் வெளிவளையத்தில் உள்ள பனிக்கட்டியை உருக்கும். எண்ணெயைச் சுமந்து செல்பவனுக்கு வெப்பம் என்பது எடை. ஆகவே வெப்பத்தை வீணாக்குவது சுமையை வீணாக்குவது.

எல்லோரிடமும் பிரைமஸ் இருந்ததென்று எண்ண வேண்டாம். 1895இல் பாஸ்டனிலிருந்து ஸ்ப்ரே என்ற 36 அடி 9 அங்குலப் பாய்மரப் படகில் கிளம்பி, உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதராக 1898இல் திரும்பிய ஜோஷுவா ஸ்லோகம், இரட்டைத் திரி விளக்கொன்றை வைத்துத் தொடங்கினார். நண்பர் ஒருவர் கொடுத்தது. இரவில் அது விளக்கு. பகலில் சிறு மாற்றங்களோடு அடுப்பு. தம் தகரக் கடிகாரம் பழுதானபோது அதை நீரில் போட்டுக் கொதிக்க வைத்து மறுபடி ஓடவைத்த மனிதர் அவர். அஸோர்ஸ் தீவுகளில் கிடைத்த பிளம்ஸ் பழங்களையும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியையும் சேர்த்துத் தின்று வயிற்றுவலியில் கீழே விழுந்து கிடந்த இரவில், கொலம்பஸின் பின்டா கப்பல் மாலுமி வந்து தம் படகைச் செலுத்தியதாக எழுதினார். ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவில் படகுக்கு வந்தவர்களுக்கு மிருகக் கொழுப்பில் பொரித்த டோநட்டும் காப்பியும் கொடுத்தார். அவர்களுக்கு அது புதுச் சுவை. செய்முறையைச் சொல்லிக்கொடுத்து, மகெல்லன் நீரிணையில் கரையொதுங்கியிருந்து தாம் சேகரித்த கொழுப்பையும் அவர்களுக்கு விற்று, பழைய நாணயங்களை விலையாகப் பெற்றார். ஒரு விளக்கையே அடுப்பாக்கித் தொடங்கியவர் தின்பண்டம் பொரித்து விருந்து வைக்கும் நிலைக்கு வந்துவிட்டார். கடல் இலக்கியத்தில் இதைவிட மகிழ்ச்சியான சமையற்காட்சியை நாம் படித்ததில்லை.

மகிழ்ச்சியற்ற காட்சி 1916இல் நடந்தது. ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலைப் பனி நொறுக்கிவிட்டது. அவரும் குழுவினரும் மூன்று படகுகளில் எலிஃபண்ட் தீவில் கரையேறினார்கள். உதவி தேடி ஏறத்தாழ 800 கடல் மைலுக்கு அப்பாலுள்ள தெற்கு ஜார்ஜியாத் தீவுக்கு ஆறு பேர் செல்வதென்று முடிவாயிற்று. படகின் பெயர் ஜேம்ஸ் கேர்ட். நீளம் இருபத்திரண்டரை அடி. தச்சர் மெக்னிஷ் அதற்கு மேல்தளம் அமைத்தார். கூரையாக விரிக்க வேண்டிய கித்தான் உறைந்து பலகையாகிக் கிடந்தது. சீல் கொழுப்பு எரியும் சமையல் அடுப்பின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி இளக்கித்தான் தைத்தார்கள். இடுக்குகளை விளக்குத் திரியாலும் ஓவியரின் வண்ணத்தாலும் சீல் இரத்தத்தாலும் அடைத்தார்கள். அப்படகு புறப்படுமுன்பே அடுப்படிக்குக் கடன்பட்டிருந்தது.

ஷாக்கிள்டன் தம் நூலில் ஏற்றிய பொருள்களின் பட்டியலைத் தருகிறார். இரண்டு பிரைமஸ் அடுப்புகள், அவற்றின் உதிரிகளும் குத்தூசிகளும், ஒரு நான்சென் பாத்திரம், ஆறரை காலன் மண்ணெண்ணெய், 30 பெட்டித் தீக்குச்சி, 36 காலன் நீர், உணவுக்கட்டிகள், பிஸ்கட்டுகள், சர்க்கரைக் கட்டி, 30 பொட்டலம் பால்மாவு. ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தைப் போல இந்தப் பட்டியலை மறுபடி மறுபடி படித்திருக்கிறோம். குத்தூசிகளை மறக்காமல் எழுதியவருக்கு எதை நம்பி உயிர் இருக்கிறது என்பது தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 24 அன்று புறப்பட்டார்கள். சமையல் டாம் கிரீனின் பொறுப்பு. அயர்லாந்துக்காரர், கடற்படைச் சிப்பாய். மேல்தளத்தின் கீழே நிமிர்ந்து உட்கார இடமில்லை. ஒரு வேளைச் சமையலுக்கு மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் அடுப்பைப் பிடித்துக்கொள்வார். மற்ற இருவர் பாத்திரத்தைக் காவல் காப்பார்கள். படகு தூக்கி அடிக்கும் என்று தோன்றிய கணத்தில் பாத்திரத்தை அடுப்பிலிருந்து உயர்த்திவிட வேண்டும், அடங்கியதும் மறுபடி வைக்க வேண்டும். இறைச்சிப் புரதமும் கொழுப்பும் ஓட்ஸும் சர்க்கரையும் சேர்த்து இறுக்கிய செங்கல் போன்ற கட்டியை நீரில் கரைத்துக் கொதிக்க வைத்த கூழ் அது. அதற்கு 'ஹூஷ்' என்று பெயர். தூங்கும் பைகளின் கலைமான் ரோமம் உதிர்ந்து கூழில் மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்கள். கொதிக்கக் கொதிக்கக் குடித்தார்கள். முதலில் முடித்தவர் வெளியே பாய்ந்து சுக்கானைப் பிடித்துக்கொள்வார், அங்கிருப்பவர் தம் பங்கை ஆறுமுன் குடிக்க வேண்டும் என்பதற்காக. இரவுக் காவல் மாறும்போது சூடான பால். இதைத் தவறவிட்டால் ஆட்கள் குளிரில் விறைத்துப்போவார்கள் என்று ஷாக்கிள்டன் அறிந்திருந்தார்.

நீர்ப்பீப்பாய் ஒன்றில் கடல்நீர் புகுந்திருந்தது. கடைசி நாள்களில் நாக்கு வறண்டது. அடுப்பிருந்தும் கரைக்க நல்ல நீரில்லை. மே 10 அன்று கரை தொட்டார்கள். ஆனால் ஆளிருக்கும் திமிங்கில வேட்டை நிலையம் தீவின் மறுபக்கத்தில். ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, கிரீன் மூவரும் தூங்கும் பைகளைக்கூட விட்டுவிட்டு, எண்ணெய் நிரப்பிய பிரைமஸையும் சிறு பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். மே 20 அன்று, இறுதி இறக்கத்தில் ஓர் அருவியின் உச்சியிலிருந்து தச்சர் வாய்ச்சியையும், சட்டையில் சுற்றிய பயணக் குறிப்பேட்டையும் சமையற்பாத்திரத்தையும் கீழே எறிந்துவிட்டு, பின்னால் தாங்கள் கயிற்றில் இறங்கினார்கள். உடுத்திய ஈர உடை தவிர அண்டார்டிக்கிலிருந்து கொண்டுவந்தது அவ்வளவே என்று ஷாக்கிள்டன் எழுதுகிறார். ஒரு கருவி, ஒரு புத்தகம், ஒரு சட்டி.

எலிஃபண்ட் தீவில் தங்கிவிட்ட 22 பேருக்கும் சமைத்தவர் சார்லஸ் கிரீன். கவிழ்த்துப் போட்ட படகுகளே அவர்களுக்கு வீடு. சீல் கொழுப்பின் கரும்புகையே அவர்களுக்கு ஒளி. ஆகஸ்ட் 30 அன்று மீட்புக் கப்பல் கண்ணில் பட்டபோது அவர்கள் மதிய உணவில் இருந்தார்கள். மெக்னிஷுக்குத் துருவப் பதக்கம் மறுக்கப்பட்டது. அதை நாம் இன்றும் அநீதியென்றே கருதுகிறோம்.

பிந்தைய காலத்துப் படகுகளில் பாத்திரத்தைப் பிடிக்க மூன்று பேர் வேண்டியதில்லை. படகின் பக்கச்சுவரை ஒட்டி, முன்புறம் ஒன்று பின்புறம் ஒன்றாக இரண்டு முளைகளில் அடுப்பை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டமாக நிற்கும். திசைகாட்டியைத் தொங்கவிட மாலுமிகள் நெடுங்காலமாகக் கையாண்ட உத்தியின் எளிய வடிவம் இது. அடுப்பின் அடிப்பகுதி கனமாக இருக்க வேண்டும். மேலே உயரமான பாத்திரத்தை ஏற்றினால் ஊஞ்சலே எதிரியாகும். பாத்திரம் நழுவாதிருக்க விளிம்புக் கம்பி. சமைப்பவர் நழுவாதிருக்க இடுப்பில் ஒரு பட்டை. வெந்நீர் தெறித்தால் காக்க நீர் புகா மேலங்கி. எரிவாயு வந்த பின்னும் பலர் மண்ணெண்ணெயைக் கைவிடவில்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேறாமல் படகின் அடிவயிற்றில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

எஞ்சியிருந்தது ரொட்டி சுடும் சிக்கல். சிறு படகில் சூளையடுப்புக்கு இடமேது? இதற்குப் பதிலாக வந்தது பிரஷர் குக்கர். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, நீர் ஊற்றாமல், சிறு தீயில் வைத்தால் அதுவே ஓர் அடுப்பு. மணல் பரப்பிய குக்கரில் கேக் செய்த நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த உத்தியை எந்த மாலுமியும் கற்றுத்தர வேண்டியதில்லை. இயந்திரமில்லாத 24 அடிப் படகான செராஃபினில் கணவரோடு 1978இல் ஜப்பானிலிருந்து கனடாவுக்குச் சென்ற லின் பார்டி, அந்தப் பயணத்தின் சமையலை நாள்வாரியாகக் குறித்து, 1980இல் நூலாக்கினார். புயலையும் உணவையும் ஒரே தட்டில் வைத்து எழுதிய நூல் அது. மாலுமிகள் எழுதிய புத்தகங்களில் அடிக்குறிப்பாகக்கூட வராத உழைப்பு, இங்கே பொருளாகவே ஆகியிருக்கிறது.

நன்னீரைச் சேமிக்க மாவைக் கடல்நீர் கலந்து பிசைவதுண்டு. முழுக்கக் கடல்நீர் ஆகாது. கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அரைக்கிலோ மாவுக்கு 300 மில்லி நீர் என்றால், அதில் பாதி கடல்நீராக இருந்தால் 5 கிராம் உப்பு சேரும், அது போதும். தணலைக் குறைத்து, பாத்திரத்தின் உள்ளே எண்ணெய் தடவிச் சோளமாவு தூவி, மாவை வைத்து மூடுகிறார்கள். அடிப்பக்கம் சிவந்துவிடும், மேல்பக்கம் வெளிறியே நிற்கும். ஆகவே பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், இரண்டு அலைகளுக்கு நடுவே பார்த்து.