முஸ்லிம்காஸ்: பெயரில் முஸ்லிம், கேட்பது இரைச்சல் இசை

பிள்ளைகளின் செல்போனில் ‘முஸ்லிம்காஸ்’ என்ற பெயரைப் பார்க்கும் பெற்றோர் இது நஷீதோ, ஏதாவது இயக்கமோ என்று குழம்பக்கூடும். இரண்டுமில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த பிரின் ஜோன்ஸ் (1961–1999) தனியொருவராக நடத்திய இசை முயற்சி இது. அவர் முஸ்லிம் அல்ல.

மஸ்லின் துணியையும் காயத்துக்குக் கட்டும் காஸ் துணியையும் வைத்து விளையாடிய பெயர் இது. மஸ்லின் என்ற சொல் இராக்கின் மோசுல் நகரிலிருந்து வந்தது. காஸ், காஸாவிலிருந்து வந்தது என்போரும் உண்டு.

1982இல் இஸ்ரேல் லெபனான் மீது படையெடுத்தது. அதுதான் இவரை பலஸ்தீனத்தின் பக்கம் திருப்பியது. கடைசிவரை அந்த மண்ணை மிதிக்கவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டுக்குப் போகக்கூடாது என்பது அவர் கொள்கை. பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டே ஆல்பம் ஆல்பமாகச் செய்து குவித்தார். எண்ணிக்கை 90ஐத் தாண்டும். பல, சில நூறு பிரதிகளே வந்தவை.

எப்படி இருக்கும் அந்த இசை? சிவகாசியில் அச்சகத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவருக்குப் பாதி புரிந்துவிடும். ஒரே தாளத்தில் இயந்திரம்போல விழும் கொட்டு, திடீரென அறுந்து மீண்டும் தொடங்கும் டேப், மின்னணு இரைச்சல், நடுவே எங்கிருந்தோ பதிவு செய்த அரபுப் பேச்சு. பாடல் வரிகள் கிடையாது. அரசியல் எல்லாம் தலைப்பிலும் அட்டைப்படத்திலும்தான்.

1994 ரமளானில், ஹெப்ரோன் இப்ராஹிமி பள்ளிவாசலில் ஃபஜ்ர் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். அந்தப் படுகொலையின் பெயரிலேயே அதே ஆண்டு ஒரு தட்டு வெளியிட்டார் ஜோன்ஸ். மேற்குலகில் பலர் வாய்மூடி இருந்த காலத்தில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் 1986இல் ஓர் ஆல்பத்துக்கு ‘ஹஜ்’ என்று பெயர் வைத்ததை நம்மால் ரசிக்க முடியாது. நமக்கு அது ஃபர்ளான வணக்கம். அவருக்கு ஒரு தலைப்பு.

இன்னொன்றும் உண்டு. ‘ஹமாஸ் ஆர்க்’, ‘வோட் ஹெஸ்பொல்லா’ (இரண்டும் 1993) என ஆயுதக் குழுக்களின் பெயர் தாங்கிய தட்டுகளும் இவருடையவை. உள்ளே பாடல் வரிகள் இல்லை. ஆனாலும் அந்த அட்டையை ஸ்டேட்டஸில் வைத்த பையனிடம் கேள்வி கேட்பவர்கள் இசையைக் கேட்டுவிட்டு வரப்போவதில்லை. இதை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. இசை கூடுமா என்பது தனிக் கேள்வி. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள்.

இரத்தத்தில் பரவிய அரிய பூஞ்சைத் தொற்றால் 1999 ஜனவரியில், 37 வயதில் ஜோன்ஸ் இறந்தார். அவர் விட்டுச்சென்ற பதிவுகள் அதன் பிறகும் பல ஆண்டுகள் வெளிவந்துகொண்டிருந்தன.