மதிலும் தொழுவமும்: நொச்சிப் புகையின் வரலாற்றுச் சான்றுகள்

தமிழ் ஆய்வுகளில் நொச்சி பெரும்பாலும் இரண்டு இடங்களில் பேசப்படுகிறது. ஒன்று புறத்திணை, மற்றொன்று சித்த மருத்துவம். மதில் காக்கும் மறவர் சூடும் பூவாகக் கொண்டு புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணை ஆக்கியது. தொல்காப்பியமோ மதில் காத்தலை முற்றுகையோடு சேர்த்து உழிஞைக்குள் அடக்கியது. மருத்துவ மரபில் அது வாதத்துக்கும் தலைப்பாரத்துக்கும் உரிய இலை. வேது பிடிக்கும் மூலிகை. இவ்விரண்டுக்கும் வெளியே மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அந்தியில் மாட்டுத் தொழுவத்தில் எழும் நொச்சிப் புகை அது. கொசுவையும் ஈயையும் விரட்ட உழவர் கைக்கொண்ட இவ்வழக்கத்தின் வரலாற்றை எழுத எச்சான்றுகள் உதவும், எவை உதவா என்பதே இக்கட்டுரையின் வினா.

சங்கப் பாடல்கள் தருவது செடி நின்ற இடத்தை. நற்றிணை 115, 246 ஆகிய பாடல்களில் நொச்சி மனையைச் சார்ந்து நிற்கிறது. குறுந்தொகை 138இல் இல்லத்தின் அயலே உதிரும் அதன் பூவின் ஒலி உறங்காதவர் செவியில் விழுகிறது. மனையருகே நொச்சி வளர்ந்தது என்பதற்கு இவை உறுதியான சான்றுகள். பூச்சியை விரட்டவே அதனை வளர்த்தனர் என்பதற்கு இவை சான்றாகா. கொசுவால் நோய் பரவுவதை அறிந்தே முன்னோர் நொச்சியை நட்டனர் என்று கூறுவோர், இவ்விடைவெளியை ஊகத்தால் கடக்கின்றனர். மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டில். அதற்கு முந்தைய தொழுவப் புகையை விளக்க நோய்க்கோட்பாடு எதுவும் தேவையில்லை. இரவெல்லாம் வாலையடித்து நிலைகொள்ளாமல் நிற்கும் மாடு மறுநாள் ஏரில் தளரும். கறவையாயின் பால் குறையும். இந்த இழப்பு எவர் கண்ணுக்கும் தெரிவது. 1897இன் அறிவைப் பின்னோக்கி ஏற்றிப் படிப்பது பெருமை போலத் தோன்றினும், உழவர் உண்மையில் அறிந்திருந்ததை அது மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்து.

அவர்கள் அறிந்திருந்தது நுட்பமானது. நன்கு காய்ந்த இலை தீப்பற்றி எரிந்து விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே பச்சையாகவோ அரைகுறையாக வாடியோ உள்ள தழையை, உமி அல்லது எருமுட்டையின் தணல்மேல் இட்டு மூட்டம் போடுவர். ஈரம் சுடரைத் தடுக்கிறது. இலையிலுள்ள எளிதில் ஆவியாகும் எண்ணெய் புகையோடு மெல்ல வெளியேறுகிறது. சினியோல், கேரியோபிலீன் போன்ற சேர்மங்கள் அவ்வெண்ணெயில் உள்ளன. அந்திக்காற்று வரும் பக்கத்தில் தணலை வைப்பதும் இவ்வறிவின் பகுதியே. தானியக் குதிரில் வண்டு விழாதிருக்க உலர்ந்த நொச்சியிலையை இடும் வழக்கமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

தழை எளிதில் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. நொச்சியை ஆடுமாடு விரும்பி மேய்வதில்லை. போத்து நட்டாலே தழைக்கும். எனவே ஆற்றங்கரையில் தானே வளரும் இச்செடி வயலுக்கு வேலியுமாயிற்று. அதன் விளாரைக் கூடை முடையவும் கொண்டனர். கால்நடை தொடாத தழையே கால்நடையைக் காத்தது. நொச்சி என்ற சொல்லுக்கு மதில் என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. வேலியிலிருந்து மதிலுக்கு அப்பொருள் பெயர்ந்ததா என்பது தனியே ஆராயத்தக்கது.

மருத்துவ நூல்கள் மனித உடலைப் பற்றியவை. தொழுவத்து அந்தி வேலைக்கு அவற்றில் இடம் குறைவு. எழுத்தில் இடம்பெறாத இத்தகைய வழக்கம் ஆய்வுக்குள் நுழையும் வழியை அறிய ஓர் அயல்நாட்டு ஒப்பீடு உதவும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில உழவர், கால்லிகார்பா என்னும் காட்டுச்செடியின் இலையைக் கசக்கி, குதிரை, கோவேறு கழுதை ஆகியவற்றின் சேணத்தின்கீழ் வைத்துக் கடிக்கும் பூச்சிகளை விலக்கினர். தாத்தாவிடம் இதைக் கேட்டறிந்த தாவரவியலாளர் ஒருவரின் வழியாகச் செய்தி அந்நாட்டு வேளாண் துறை ஆய்வாளர்களை எட்டியது. 2000களின் நடுவில் அவ்விலையிலிருந்து கால்லிகார்பெனால் முதலிய விரட்டிச் சேர்மங்களைப் பிரித்தனர். நொச்சியும் கால்லிகார்பாவும் இன்று துளசி, தும்பை ஆகியவற்றின் குடும்பத்திலேயே வைக்கப்படுகின்றன. அங்கும் காக்கப்பட்டது உழைக்கும் விலங்குதான். சான்றாக நின்றது ஒரு முதியவரின் சொல்.

இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டி.டி.டி. தெளிப்பு ஊர்தோறும் பரவியது. 1965இல் ஏறத்தாழ 1 லட்சமாகக் குறைந்த மலேரியா நோயாளர் எண்ணிக்கை, 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது இதற்கொரு காரணம். இம்மீட்சிக்குப் பின்னரே தாவர விரட்டிகள்மீது ஆய்வுலகின் கவனம் வலுப்பெற்றது. ஆயினும் புகையின் இழப்பைத் தெளிப்பு மருந்தோடு மட்டும் இணைப்பது பிழை. ஏர்மாடு குறைந்து டிராக்டர் வந்தபோது தொழுவமே சுருங்கியது. தொழுவமின்றி மூட்டத்துக்கு வேலையில்லை.

2010களில் சென்னை மாநகராட்சி கொசுவை விரட்டுவதற்காக நொச்சிக் கன்றுகளை வழங்க முன்வந்தது. கன்று வீட்டுக்கு வந்தது. தழையை வாடவிடும் பக்குவமும் தணலின் அளவும் அதனோடு வரவில்லை. மரபு பயன்படுத்தியது கசக்கிய இலையை, உலர்த்திய இலையை, புகைந்த இலையை. செடி சும்மா நிற்பதை மட்டும் அது நம்பியிருக்கவில்லை. அடைத்த அறைக்குள் புகை நுரையீரலுக்குத் தீங்கு என்பதையும் மறக்கலாகாது. திறந்த தொழுவத்துக்கு உரிய முறை அடுக்ககத்துக்கு ஒவ்வாது. ஆகவே களப்பணியில் ‘நொச்சி எதற்குப் பயன்படும்’ என்று மட்டும் கேட்பது போதாது. யார் தழை ஒடித்தார், எத்தனை நாள் வாடவிட்டார், தணலை எங்கே வைத்தார், எந்த மாதத்தில் தொடங்கி எப்போது நிறுத்தினார் என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை சொல்லக்கூடியவர் ஏர்மாடு கட்டிய தலைமுறையினர். அவர்களுட் பலர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள்.