பெயர் அறியாப் பொருளுக்கு ஓர் எழுத்து

மருந்துச் சீட்டிலும் மாத்திரைக் குப்பியிலும் ஏ, பீ, சீ, டீ என்னும் ஒற்றை எழுத்துக்களைக் காணாதார் இன்று அரியர். விற்றமின் என்னும் சொல்லை அடுத்து நிற்கும் அவ்வெழுத்துக்கள் நிறைந்த அறிவின் அடையாளங்கள் போலத் தோன்றுகின்றன. உண்மை அதற்கு மாறானது. உணவில் ஏதோ ஒரு பொருள் உண்டு என்பது தெரியும். அது யாது என்பது தெரியாது. அந்நிலையில் அறிஞர் அதற்கு இட்டுவைத்த குறியே எழுத்து. அவற்றுள் பீ என்னும் எழுத்தின் வரலாறு, சோறுண்டு வாழும் மக்களின் வரலாறுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழைத்தேயங்களில் நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பெருகின. உலக்கை குற்றிய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டி நிற்கும். ஆலையோ அதனை முற்றாக நீக்கி, அரிசியை முத்துப்போல் வெளுப்பித்தது. வெண்மையைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். அக்காலத்திலேயே சிறைச்சாலைகளிலும் படைவீடுகளிலும் சுரங்கங்களிலும் ஒரு நோய் பரவியது. கால் மரத்தது, நடை தளர்ந்தது, உடல் வீங்கியது, ஈற்றில் இதயம் ஓய்ந்தது. அந்நோயின் பெயர் பெரிபெரி. 'இயலாது' எனப் பொருள்படும் 'பெரி' என்னும் சிங்களச் சொல் இரட்டித்து இப்பெயர் ஆயிற்று என்பர். எழுந்து நிற்கவும் இயலாதவனின் முறையீடே நோயின் பெயராய் நின்றது.

யாவாத் தீவை ஆண்ட ஒல்லாந்தர், இந்நோயின் காரணத்தை ஆராய 1886 ஆம் ஆண்டில் ஒரு குழுவினரை அனுப்பினர். நோய்க்கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்ட காலம் அது. ஆதலால் இதற்கும் ஒரு கிருமியே காரணம் என எல்லோரும் நம்பினர். குழு திரும்பிய பின்னரும் பத்தாவியாவில் தங்கி ஆராய்ந்தவர் கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் வைத்தியர். 1889 ஆம் ஆண்டில் அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் பெரிபெரி கண்டார்போலத் தள்ளாடி வீழ்ந்தன. சில மாதங்களின் பின் அவை தாமாகவே தேறின. காரணத்தைத் துருவியபொழுது சமையலறை அதனைக் காட்டிக்கொடுத்தது. இராணுவ வைத்தியசாலையில் எஞ்சிய வெள்ளையரிசிச் சோறே முன்னர் கோழிகளுக்கு இடப்பட்டது. புதிதாய் வந்த சமையற்காரர், படையினரின் சோறு கோழிக்கு ஆகாதென மறுத்துவிட்டார். பின்னர் தீட்டாத அரிசியை உண்ட கோழிகள் பிழைத்துக்கொண்டன.

ஐக்மன் உண்மையின் வாயில்வரை வந்தார், உள்ளே புகவில்லை. அரிசியில் ஒரு நஞ்சு உண்டு, தவிட்டில் அதற்கு மாற்று உண்டு என்றே அவர் கருதினார். அவருக்குப் பின் ஆராய்ந்த கிறைன்ஸ் என்பவர் 1901 ஆம் ஆண்டில் வேறு முடிவைக் கூறினார். நோய்க்குக் காரணம் உணவில் இருக்கும் ஒன்றன்று. உணவில் இல்லாத ஒன்றே என்பது அவர் முடிவு. இல்லாமையும் நோய் செய்யும் என்பது அன்றைய வைத்தியத்துக்குப் புதுமையாய் இருந்தது.

இவ்வாராய்ச்சியில் தமிழர் சோற்றுப் பானைக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவிலே சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் மடிந்தனர். அங்கேயே உழைத்த தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அணுகவில்லை. சீனர் உண்டது தீட்டிய பச்சையரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிறடன் என்னும் வைத்தியர் இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டி 1907 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரேசர், ஸ்ரான்ரன் என்னும் இருவர், வீதி வேலைக்கு வந்த யாவாத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினருக்கு வெள்ளையரிசியும் மற்றைப் பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்தனர். மூன்று மாதமளவில் வெள்ளையரிசி உண்டோரிடையே நோய் தோன்றியது, மற்றையோரிடையே தோன்றவில்லை.

காரணம் எளிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள நீரிற் கரையும் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர் தவிட்டை நீக்கினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. சத்தின் பெயரோ இயல்போ அறியாமலே நெல் அவித்த கைகள் பல உயிர்களைக் காத்திருந்தன.

1912 ஆம் ஆண்டில் இலண்டனில் ஆராய்ந்த கசிமிர் பங்க் என்னும் போலந்து நாட்டறிஞர், இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் எனப் பெயரிட்டார். உயிர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லோடு அமீன் என்னும் இரசாயனப் பெயரைச் சேர்த்து ஆக்கிய சொல் அது. அமெரிக்க அறிஞர் மக்கொலம், கொழுப்பிற் கரைவதை ஏ என்றும் நீரிற் கரைவதை பீ என்றும் குறித்தார். இவையெல்லாம் அமீன்கள் அல்ல என்பது தெளிந்தபின், 1920 ஆம் ஆண்டில் டிறமண்ட் என்பவர் ஆங்கிலப் பெயரின் இறுதி எழுத்தை நீக்கினார். விற்றமின் என்னும் சொல்லோடு ஏ, பீ, சீ என எழுத்தை இணைத்து வழங்கும் முறையை வகுத்தவரும் அவரே. பின்னர் டீயும் ஈயும் வந்தன.

ஈக்குப் பின் கே வருவானேன்? எவ் எனப்பட்டது விற்றமின் அன்று எனக் கழிக்கப்பட்டது. ஜீயும் எச்சும் பீ என்னும் குடும்பத்துள் அடங்கின. கே வரிசையில் வந்த எழுத்தன்று. இரத்தம் உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தாக, டென்மார்க்கு அறிஞர் டாம் 1935 ஆம் ஆண்டில் அதனை இட்டார். பீயோ ஒன்றன்று, பல எனக் கண்டபின், பெரிபெரியைத் தீர்ப்பது பீ ஒன்று என எண் பெற்றது.

அப்பொருளை 1926 ஆம் ஆண்டில் ஜான்சன், டொனாத் என்னும் இருவர், ஐக்மன் ஆராய்ந்த அதே பத்தாவியாவில், தவிட்டினின்றும் தூய பளிங்காகப் பிரித்தனர். மூன்றாண்டுகளின் பின் ஐக்மனுக்கு நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. 1936 ஆம் ஆண்டில் அதனைச் செயற்கையாக ஆக்கியவர் உறொபேட் வில்லியம்ஸ். நெல்லூரில், 1886 ஆம் ஆண்டிற் பிறந்தவர் அவர். தயமின் என்னும் சொந்தப் பெயரும் அதற்கு அக்காலத்தில் அமைந்தது.

பெயர் கிடைத்தபின்னும் எழுத்து நீங்கவில்லை. தெரியாத பொருளுக்கு இட்ட தற்காலிகக் குறி, தெரிந்தபின்னும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது. குப்பியின்மேல் நிற்கும் அச்சிறிய எழுத்தின் பின்னே, எழ இயலாது வீழ்ந்தோரின் துயரமும், ஒரு சமையற்காரரின் மறுப்பும், நெல் அவித்த பானையின் ஆவியும் மறைந்து நிற்கின்றன.