சிங்கப்பூருக்கு 3 நாள் ட்ரிப்: டிக்கெட் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"சின்ன ஊர்தானே, மூணு நாள்ல மொத்தத்தையும் பார்த்துடலாம்." சிங்கப்பூருக்கு டிக்கெட் போடும் பலரும் இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். பரப்பளவை வைத்துப் பார்த்தால் கணக்கு சரி. மொத்த நாடே சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நிலநடுக்கோட்டில் இருந்து 140 கிலோமீட்டர்கூட தள்ளி இல்லாத ஒரு ஊரில், பகல் 11 மணிக்கு மேல் வெளியே நடப்பது எப்படி இருக்கும் என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

விளைவு? காலை 10 மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பி, வெயில் உச்சியில் இருக்கும்போது பூங்காவில் நடந்து, 3 மணி மழையில் மாட்டி, லைட் ஷோ தொடங்கும் நேரத்தில் குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். குறுகிய பயணத்துக்கு இடங்களின் பட்டியலைவிட, எந்த மணிக்கு எங்கே இருப்பது என்ற திட்டம்தான் முக்கியம்.

3 நாள் என்றால் உண்மையில் எவ்வளவு நேரம்?

சென்னை, திருச்சி, கோவையில் இருந்து நேரடி விமானம் உண்டு. பயண நேரம் சுமார் 4 மணி நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 11.30-க்கு கிளம்பினால் அங்கே இறங்கும்போது காலை 6 மணி. உடம்புக்கு அது அதிகாலை மூன்றரை மணி. ஹோட்டலில் அறை கிடைப்பதோ பெரும்பாலும் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான்.

ஆகவே முதல் நாளை முழு நாளாகக் கணக்கில் எடுக்கவே கூடாது. பெட்டியை ஹோட்டல் வரவேற்பில் ஒப்படைத்துவிட்டு, பக்கத்திலேயே எதையாவது பார்த்து, சாப்பிட்டு, அறை கிடைத்ததும் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் மாலை உருப்படியாக அமையும்.

விசா எப்படி?

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே இ-விசா கட்டாயம். இந்தியாவில் இருந்து போகும் சுற்றுலாப் பயணிகள் பொதுவாக அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் மூலம்தான் விண்ணப்பிக்கிறார்கள். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கட்டணம் தனி. பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். மூன்று வேலை நாளில் பெரும்பாலும் முடிவு வந்துவிடும், தாமதமும் ஆகலாம். கடைசி வாரத்தில் ஓடாமல் இருப்பது நல்லது.

விசாவோடு வேலை முடிந்துவிடாது. 'எஸ்ஜி அரைவல் கார்டு' என்ற விவரப் படிவத்தை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் தளம் மாதிரியே தோற்றம் காட்டி இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் உலவுகின்றன. யாராவது கட்டணம் கேட்டால், அது அரசுத் தளம் இல்லை என்று அர்த்தம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் பழக்கமும் அங்கே இப்போது இல்லை. எத்தனை நாள் தங்கலாம் என்ற விவரம் இ-பாஸாக மின்னஞ்சலில் வரும், அதைத் திறந்து தேதியைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் கசகசா இருக்கா?

ட்ரிப் ப்ளான் போடும்போது யாரும் யோசிக்காத இடம் இதுதான். குருமாவுக்கு அரைக்கும் கசகசா சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள். கசகசா, அபின் செடியின் விதை. அதில் மார்ஃபின் தடயம் ஒட்டியிருக்கலாம், மார்ஃபின் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். அதனால் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு இதைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கே இருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் இது கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கிளம்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு நிமிஷ வேலை.

அடுத்தது மாத்திரைகள். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றைக் கொண்டுபோக சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். அனுமதி தேவையா என்பது மருந்தின் மூலப்பொருளையும் அளவையும் பொறுத்தது. ஆணையத்தின் இணையதளத்தில் மருந்தில் இருக்கும் வேதிப்பொருளின் பெயரைத் தேடினால் தெரிந்துவிடும். வீட்டில் வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் மருத்துவரின் சீட்டும், மருந்தின் அசல் அட்டையும் கையோடு இருக்கட்டும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு போகும் பழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்கு மட்டுமாவது விட்டுவிடலாம்.

இ-சிகரெட் வைத்திருப்பதே அங்கே குற்றம். சிகரெட்டுக்கு வரி விலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். சூயிங் கம் கொண்டுபோக 1992-ல் இருந்தே தடை. போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், "இந்த ஒரு பார்சல் மட்டும் கொடுத்துடுங்க தம்பி" என்று யாராவது கேட்டால் மறுக்க முடியாமல் வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பார்சலுக்கு, அதைச் சுமப்பவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். திரும்பி வரும்போது "இந்தச் செயினை மட்டும் போட்டுட்டுப் போங்க" என்று கேட்பதும் இதே ரகம்தான். அதற்கு ஊரில் பெயர் 'குருவி', சட்டத்தில் பெயர் கடத்தல்.

எந்த மாதம் போகலாம்?

நம்மூர் மாதிரி கோடை, குளிர் என்ற பிரிவு அங்கே இல்லை. வருஷம் பூராவும் பகலில் 31 முதல் 33 டிகிரி. சென்னை மே மாதத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டுவதால் வியர்வை காயாது, சீக்கிரமே களைப்பாகிவிடும்.

மழை இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. நவம்பர் முதல் ஜனவரி வரை கொஞ்சம் அதிகம், பிப்ரவரியில் குறைவு. மற்ற மாதங்களில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டிவிட்டு நின்றுவிடும். மின்னல் அதிகம் விழும் ஊர்களில் சிங்கப்பூரும் ஒன்று. மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகள், நீச்சல் குளங்கள் எல்லாம் நிறுத்தப்படும். ஆக, தீம் பார்க் டிக்கெட் எடுத்தவர்கள் ஓடியாடும் திறந்தவெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

மாதத்தைத் தேர்ந்தெடுக்க மழையைவிட அறை வாடகைதான் உதவும். செப்டம்பர், அக்டோபரில் ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும் வாரத்தில் வாடகை எகிறும். சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு நாட்கள் பல கடைகளுக்கு விடுமுறை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனால் சிராங்கூன் ரோடு முழுக்க விளக்கு அலங்காரத்தைப் பார்க்கலாம்.

எங்கே தங்கினால் நேரம் மிச்சம்?

தமிழர்கள் 'தேக்கா' என்று சொல்லும் லிட்டில் இந்தியா. இதை இட்லி தோசைக்காக மட்டும் சொல்லவில்லை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் நீல நிற டவுன்டவுன் லைன், ஊதா நிற நார்த் ஈஸ்ட் லைன் இரண்டும் சந்திக்கின்றன. நீலத்தில் ஏறினால் ஒரு பக்கம் பொட்டானிக் கார்டன்ஸ், மறுபக்கம் மரினா பே பக்கமுள்ள பேஃப்ரன்ட். ஊதாவில் ஏறினால் சைனாடவுன், செந்தோசாவுக்குப் போகும் ஹார்பர்ஃப்ரன்ட். முதல் முறை போகிறவர்கள் பார்க்க நினைக்கும் நான்கு பகுதிகளுக்கும் ரயில் மாறாமலே போய்விடலாம். சாங்கி விமான நிலையத்தில் இருந்து வரும்போது மட்டும், அடுத்த நிறுத்தமான எக்ஸ்போவில் இறங்கி நீல லைனுக்கு மாற வேண்டும்.

ஒரே ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை, வார விடுப்பில் வரும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூடும் இடமும் இதுதான். தமிழ்நாட்டில் இருந்து போனவர்கள் ஊர்க்காரரைப் பார்க்க, சாமான் வாங்க வருவார்கள். அன்று மாலை நடக்கவே இடம் இருக்காது. சிலருக்கு அது தொந்தரவு, சிலருக்கு அதுவே பார்க்க வேண்டிய காட்சி.

நாளை எப்படிப் பிரிப்பது?

சிங்கப்பூரில் எல்லா மாதமும் ஏறக்குறைய காலை 7 மணிக்குத்தான் விடியும், மாலை 7 மணிக்கு இருட்டும். காலை 7 முதல் 10 வரை திறந்தவெளி. 11 முதல் 4 வரை கூரைக்குக் கீழே. 5 மணிக்கு மேல் மறுபடி வெளியே. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக அமையும்.

காலைக்கு பொட்டானிக் கார்டன்ஸ். சிங்கப்பூர்த் தமிழில் இதற்கு 'பூமலை' என்ற அழகான பெயர் உண்டு. 1859-ல் உருவான இந்தத் தோட்டம் 2015-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆனது. அதிகாலை 5 மணிக்கே திறந்துவிடும், அனுமதி இலவசம். உள்ளே ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட்.

நண்பகலுக்கு கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் (திங்கள் விடுமுறை), தேசிய அருங்காட்சியகம், அல்லது கார்டன்ஸ் பை த பேயில் இருக்கும் இரண்டு குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கூடங்கள். அவற்றில் கிளவுட் ஃபாரஸ்ட்டின் உள்ளே 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு செயற்கை மலையே நிற்கிறது. இந்தக் கூடங்களை மதியம் 3 மணிக்குப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வெயில் தாழ்ந்திருக்கும். அங்கேயே சூப்பர்ட்ரீ மரங்களுக்கு அடியில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளி, ஒலி நிகழ்ச்சி. காசு கிடையாது. கொஞ்சம் முன்னாடியே போய் தரையில் படுத்துப் பார்ப்பதுதான் அங்குள்ள வழக்கம்.

இன்னொரு மாலை சைனாடவுனுக்கு. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827-ல் உருவானது, சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயில். 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கில் இருந்து கப்பலில் வந்த நாராயண பிள்ளை நிறுவியது. சில அடி தூரத்தில், சோழமண்டலக் கரையில் இருந்து போன சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமியா பள்ளிவாசல். அதே தெருவில் புத்தர் பல் ஆலயம். நம்மூர் போலவே மாரியம்மன் கோயிலிலும் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மாலை 6 மணிக்கு மேல் போவதே சரி.

செந்தோசாவா, மிருகக்காட்சி சாலையா, யுனிவர்சல் ஸ்டூடியோஸா? மூன்று நாள் பயணத்தில் ஒன்றுதான் முடியும். ஒவ்வொன்றும் ஒரு நாளை முழுசாக விழுங்கும். டிராவல் ஏஜென்ட் மூன்றையும் ஒரே பேக்கேஜில் போட்டுத் தந்தால், தலா எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள்.

எம்ஆர்டி, சாப்பாடு, செலவு

தட்டிச் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு இருந்தால் அதையே ரயிலில் டிக்கெட்டாகப் பயன்படுத்தலாம். வெளிநாட்டு கார்டுக்குத் தனியாக நிர்வாகக் கட்டணம் பிடிப்பார்கள். ஒருவருக்கு ஒரு கார்டு வேண்டும், ஒரே கார்டை நான்கு பேர் தட்ட முடியாது. இறங்கும்போதும் தட்ட மறக்கக் கூடாது. ரயிலுக்குள் சாப்பிட, குடிக்க தடை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தாலும் அபராதம் 500 டாலர் வரை போகலாம். ஒரு சிங்கப்பூர் டாலர் 60 ரூபாய்க்கு மேல் என்பதை ஞாபகத்தில் வைத்தால் இந்த அபராதத்தின் எடை புரியும்.

உணவகத்தில் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் பில்லில் சேரும். உணவங்காடி நிலையங்களில் இந்தத் தொல்லை இல்லை. தேக்கா சென்டர், மேக்ஸ்வெல் போன்ற இடங்களில் பத்து டாலருக்குள் ஒருவர் வயிறாரச் சாப்பிடலாம். மேஜை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் இருந்தால், அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் வரை போகலாம். சைவக்காரர்களுக்கு சிராங்கூன் ரோட்டில் கவலையே இல்லை. 1947-ல் தொடங்கிய கோமள விலாஸ் இன்னும் ஓடுகிறது. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டில் வாங்கும் காசு மிச்சம்.

கடைசி நாள் முஸ்தபாவில் ஷாப்பிங் முடித்தவர்கள் ரசீதுகளை எறிய வேண்டாம். வரி திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையில் 100 டாலருக்குக் குறையாமல் வாங்கியிருந்தால், ஜிஎஸ்டியில் ஒரு பகுதியை விமான நிலைய இயந்திரத்தில் திரும்பப் பெறலாம். வாங்கிய பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால், பெட்டியை செக்-இன் செய்யும் முன்பே இந்த வேலையை முடிக்க வேண்டும்.

அதற்காகச் சீக்கிரம் போய்விட்டு நேரம் மிஞ்சினால், முதல் முனையத்தை ஒட்டிய ஜுவல் கட்டடத்துக்குள் நுழையலாம். உலகிலேயே உயரமான உள்ளரங்க அருவி, 40 மீட்டர், அங்கேதான் கொட்டுகிறது. அதைப் பார்க்க போர்டிங் பாஸும் வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம்.