முழங்கால் காயத்தில் போன 5 ஆண்டுகள்... 29 வயதில் டாப் 100! யார் இந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன்?

டென்னிஸ் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஃபெடரர், நடால், ஜோகோவிச். இந்தியா என்றால் பயஸ், பூபதி, சானியா. ஆனால் 2019-ம் ஆண்டு, ஒரே வருடத்தில் நான்கு கிராண்ட்ஸ்லாம் தொடர்களிலும் ஒற்றையர் பிரதான சுற்றில் ஆடிய ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். பெயர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன். உலகத் தரவரிசையில் 75-ம் இடம் வரை போனவர். 2024 நவம்பரில், 35 வயதில் ஓய்வை அறிவித்தார்.

அவர் என்ன சாதித்தார்? 75-ம் இடம் என்பது பெரிய விஷயமா? ஏன் அவர் பெயர் பலருக்குத் தெரியவில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் இவர்?

1989 நவம்பர் 12-ல் சென்னையில் பிறந்தவர். இடது கை ஆட்டக்காரர். பலமான சர்வ், அதைவிட பலமான ஃபோர்ஹேண்ட் இரண்டும்தான் இவருடைய ஆயுதம். 2010-ல் தொழில்முறை வீரர் ஆனார்.

ஆரம்பமே சிக்கல். இரண்டு முழங்கால்களிலும் 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்'. அப்படின்னா, ஒரே அடியில் எலும்பு உடைவது இல்லை. ஓடி, குதித்து, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பளு விழுவதால் எலும்பில் மெல்லிய கீறல் விழுவது. ஓய்வெடுத்தால் ஆறும். மறுபடி ஆடினால் மறுபடி வரும். இப்படியே கிட்டத்தட்ட 5 ஆண்டுகள் போய்விட்டன. பொதுவாக ஒரு டென்னிஸ் வீரர் மேலே ஏறுவது 20 முதல் 25 வயதுக்குள்தான். அந்த வயது முழுக்க இவருக்கு சிகிச்சையிலும் காத்திருப்பிலும் கழிந்தது.

பிறகு ஜெர்மனியில், முன்னாள் வீரர் அலெக்சாண்டர் வாஸ்கேவின் அகாடமியில் பயிற்சி. அங்கிருந்துதான் இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கியது.

டாப் 100 என்றால் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இதைப் புரிந்துகொண்டால்தான் இவருடைய கதை புரியும்.

ஆண்கள் டென்னிஸ் நான்கு படிகள் கொண்ட ஏணி மாதிரி. அடியில் ஐடிஎஃப் தொடர்கள். அதற்கு மேல் சேலஞ்சர். அதற்கு மேல் ஏடிபி டூர். உச்சியில் நான்கு கிராண்ட்ஸ்லாம்கள். கடந்த 52 வாரங்களில் வாங்கிய புள்ளிகளை வைத்து ஒவ்வொரு வாரமும் தரவரிசை மாறும். போன வருடம் இதே வாரம் வாங்கிய புள்ளி, இந்த வருடம் கழன்றுவிடும். அதனால் ஒரு வீரர் நின்ற இடத்தில் நிற்கவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் ஒற்றையரில் மொத்தம் 128 இடங்கள்:

• தரவரிசை மூலம் நேரடி நுழைவு – 104 பேர்
• தகுதிச் சுற்றில் வென்று வருபவர்கள் – 16 பேர்
• வைல்டு கார்டு – 8 பேர்

அதாவது 100-க்குள் இருந்தால் கிட்டத்தட்ட நேரடி டிக்கெட். 130-வது இடம் என்றால் தகுதிச் சுற்றில் அடுத்தடுத்து மூன்று பேரை ஜெயித்தால்தான் உள்ளே போக முடியும். இன்னொரு சென்னை வீரர் ராம்குமார் ராமநாதன் 2018-ல் நியூபோர்ட் ஏடிபி தொடரில் இறுதிப் போட்டி வரை போனார், 111-ம் இடத்தையும் தொட்டார். ஆனால் பல முறை முயன்றும் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவ்வளவு வித்தியாசம்.

பணக் கணக்கு என்ன?

2019 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றாலே 45,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 38 லட்சம் ரூபாய். அதே வீரர் அப்போது ஒரு சேலஞ்சர் தொடரின் முதல் சுற்றில் தோற்றால் கையில் கிடைத்தது பெரும்பாலும் சில நூறு டாலர்தான். விமான டிக்கெட், சாப்பாடு, பயிற்சியாளர் சம்பளம், பிசியோ செலவு எல்லாம் வீரருடைய பொறுப்பு.

திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ரிக் வண்டி வந்து போர் போட்டால், தண்ணி வந்தாலும் வராவிட்டாலும் அடிக்கணக்குக்கு காசு கொடுத்தாகணும். சேலஞ்சர் வீரரின் நிலைமையும் அந்தத் தோட்டக்காரர் நிலைமைதான். ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஊர், ஒரு புது போர். ஊற்று எத்தனையாவது அடியில் என்று யாருக்கும் தெரியாது. 28 வயது வரை பிரஜ்னேஷ் அப்படித் தோண்டிக்கொண்டே இருந்தார்.

2018-ல் என்ன நடந்தது?

வருடத் தொடக்கத்தில் 200-க்கும் வெளியே இருந்தார். பிறகு வரிசையாக நடந்தவை:

• ஏப்ரல், டேவிஸ் கோப்பை: சீனாவின் தியான்ஜினில் இந்தியா 0-2 என பின்தங்கியது. பயஸ்–போபண்ணா ஜோடி இரட்டையரை வென்றது. ராம்குமார் 2-2 ஆக்கினார். கடைசி ஆட்டத்தில் பிரஜ்னேஷ், வூ யிபிங்கை 6-4, 6-2 என வீழ்த்தினார். இந்தியா 3-2 என வெற்றி.

• அதே மாதம், சீனாவின் அன்னிங் நகரில் முதல் சேலஞ்சர் பட்டம்.

• ஜூன், ஸ்டட்கார்ட்: அப்போது 23-ம் இடத்தில் இருந்த கனடாவின் டெனிஸ் ஷபோவலோவை மூன்று செட்களில் தோற்கடித்தார்.

• ஆகஸ்ட், ஆசிய விளையாட்டுப் போட்டி: பாலெம்பாங்கில் ஒற்றையர் வெண்கலம்.

• நவம்பர், பெங்களூரு சேலஞ்சர்: இறுதியில் சக இந்தியர் சாகேத் மைனேனியை வென்று பட்டம்.

கைநழுவிய அந்த பிரெஞ்சு ஓபன்

நல்லது மட்டுமே நடக்கவில்லை. 2018 மே மாதம் பிரெஞ்சு ஓபன் தகுதிச் சுற்றில் பிரஜ்னேஷ் தோற்றார். டென்னிஸில் 'லக்கி லூசர்' என்று ஒரு விதி உண்டு. பிரதான சுற்றில் யாராவது காயத்தால் விலகினால், தகுதிச் சுற்றில் தோற்றவர்களில் ஒருவருக்கு அந்த இடம் கிடைக்கும். ஆனால் அவர் அங்கேயே இருந்து கையெழுத்துப் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டு வழக்கத்தைவிட அதிகம் பேர் விலகினார்கள். நிக் கிர்கியோஸ் விலகியதும் வரிசையில் அடுத்து இருந்தவர் பிரஜ்னேஷ். ஆனால் அவர் இத்தாலியின் விசென்சா சேலஞ்சர் தொடரில் ஆடப் பெயர் கொடுத்துவிட்டார். விதிப்படி திரும்ப முடியாது. அடுத்த ஆள் அர்ஜென்டினாவின் மார்கோ ட்ருங்கெலிட்டி. அவர் பார்சிலோனாவில் இருந்தார். பாட்டி, அம்மா, தம்பி என குடும்பத்தையே காரில் ஏற்றிக்கொண்டு சுமார் 10 மணி நேரம் ஓட்டி பாரிஸ் வந்தார். மறுநாள் பெர்னார்ட் டாமிக்கை ஜெயித்தும் விட்டார். உலகமே அந்தக் கார் பயணத்தைக் கொண்டாடியது. அந்த இடம் முதலில் ஒரு தமிழக வீரருக்கு வரவேண்டியது என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது.

விசென்சாவுக்குப் போனது தவறான முடிவா? அப்படிச் சொல்ல முடியாது. பாரிஸில் இடம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை, சேலஞ்சரில் ஆட்டம் நிச்சயம். வாரா வாரம் புள்ளி சேர்க்க வேண்டிய வீரர் நிச்சயமானதைத்தான் தேர்ந்தெடுப்பார்.

2019: உச்சம்

ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களையும் வென்று முதல் முறையாக கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றுக்குள் நுழைந்தார். முதல் ஆட்டத்தில் அமெரிக்காவின் டியாஃபோவிடம் தோல்வி. பிப்ரவரியில் தரவரிசையில் 97. வயது 29.

மார்ச்சில் இண்டியன் வெல்ஸ். தகுதிச் சுற்றில் ஆரம்பித்து, பிரான்ஸின் பெனுவா பேரையும், அப்போது 18-ம் இடத்தில் இருந்த பாசிலாஷ்விலியையும் வென்று மூன்றாம் சுற்று வரை போனார். ஏப்ரல் 22-ல் வந்த பட்டியலில் 75. அதுதான் அவருடைய உச்சம்.

பிறகு பிரெஞ்சு ஓபனில் ஹ்யூகோ டெலியன், விம்பிள்டனில் மிலோஸ் ராவ்னிச், யுஎஸ் ஓபனில் டேனில் மெத்வதேவ். மூன்றிலும் முதல் சுற்றில் தோல்வி. டிராவைப் பாருங்கள்: ராவ்னிச் முன்னாள் விம்பிள்டன் இறுதிப் போட்டியாளர். மெத்வதேவ் அந்த யுஎஸ் ஓபனில் இறுதி வரை போனவர்.

ஜோகோவிச்சுக்கு ஒரு ஆட்டம் தூரத்தில்

2020 ஆஸ்திரேலிய ஓபன். இந்த முறை லக்கி லூசர் இடம் கிடைத்தது. எதிரில் ஜப்பானின் தட்சுமா இட்டோ, தரவரிசையில் இவரைவிடக் கீழே இருந்தவர். ஜெயித்தால் இரண்டாம் சுற்றில் ஜோகோவிச்! ஆனால் நேர் செட்களில் தோல்வி. ஐந்து கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்றுகள், ஒரு வெற்றி கூட இல்லை. அவருடைய கணக்கில் நிரப்பப்படாமல் போன கட்டம் இதுதான்.

அதே ஆண்டு கொரோனாவால் டூர் பல மாதங்கள் நின்றது. நவம்பரில் அமெரிக்காவின் கேரி, ஆர்லாண்டோ என அடுத்தடுத்து இரண்டு சேலஞ்சர் இறுதிப் போட்டிகள். இரண்டிலும் இரண்டாம் இடம். அதன் பிறகு மறுபடி டாப் 100 பக்கம் வரவே முடியவில்லை.

தமிழக டென்னிஸில் இவர் இடம் என்ன?

நம்ம ஊர் டென்னிஸ் வரலாறு பெரியது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961-ல் விம்பிள்டன் அரையிறுதி. விஜய் அமிர்தராஜ் 1973, 1981-ல் விம்பிள்டன் காலிறுதி. ரமேஷ் கிருஷ்ணன் 1986-ல் அதே காலிறுதி. கோவையில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில், ஓபன் யுகத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வென்ற முதல் இந்தியப் பெண்.

அந்த உயரத்தோடு ஒப்பிட்டால் 75-ம் இடம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019-ல் பிரஜ்னேஷ் டாப் 100-ல் இருந்த பிறகு, அடுத்த இந்தியர் ஒற்றையரில் அந்தக் கோட்டைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் சுமித் நாகல். 140 கோடி பேர் இருக்கும் நாட்டில் இத்தனை ஆண்டுகளுக்கு ஒருவர் என்பதுதான் அந்த நூறின் எடை.

டென்னிஸில் ஆள் இல்லாமல் போவது திறமை இல்லாததால் மட்டுமல்ல. காயம் ஆறும் வரை யார் செலவு செய்வது, 25 வயதில் இன்னும் 300-வது இடத்தில் இருப்பவரை யார் நம்புவது என்ற கேள்விகளுக்கு விடை இல்லாததாலும்தான். பிரஜ்னேஷ் ஐந்து வருடம் தாக்குப்பிடித்து 29 வயதில் மேலே வந்தார். அப்படித் தாக்குப்பிடிக்க முடியாமல் 23, 24 வயதில் ராக்கெட்டைக் கீழே வைத்தவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.