வாளேந்திய கை வகுத்த வாய்க்கால்

போர் முடிந்து வீடு திரும்பும் படைவீரன் தன் மக்களுக்கு எதைக் கொண்டுவருகிறான்? இக்கேள்விக்கு அரியலூர் மண் ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை கண்டது. கங்கைக்கரை வரை படை அனுப்பி வென்ற முதலாம் இராசேந்திர சோழன், அந்த வெற்றியின் நினைவாகக் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்னும் ஏரியை அமைத்தான். நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதனைப் போற்றுகிறது. இன்று நாம் பொன்னேரி என்று அழைப்பது அதுவே.

அவ்வேரிக்குத் தெற்கே, கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் நிற்கும் கீழணையும் ஒரு படைவீரரின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அவர் ஆர்தர் காட்டன். 1803-இல் இங்கிலாந்தில் பிறந்து, இளமையிலேயே சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்து, 1821-இல் இந்தியா வந்தவர். பாம்பன் நீரிணையை அளந்தார்; 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மியப் போரில் பணியாற்றினார். அதன்பின் அவர் வாழ்வு போர்க்களத்தை விட்டு ஆற்றங்கரையை நோக்கித் திரும்பியது.

அந்நாளில் தஞ்சைத் தரணி வறண்டுகொண்டிருந்தது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தாழ்வாகவும் சரிவாகவும் ஓடும் கொள்ளிடம் வெள்ளத்தின் பெரும்பகுதியை ஈர்த்துக்கொள்ள, காவிரியின் படுகை மணல் மேவி உயர்ந்தது. 1836-இல் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையை எழுப்பி, நீரைக் காவிரிக்குத் திருப்பினார்.

ஆனால், ஒருவருக்குத் திருப்பிய நீர் மற்றொருவருக்குக் குறைந்த நீர் அன்றோ? கொள்ளிடத்தை நம்பிக் கீழே பயிரிட்டோரின் கதி என்ன? அவர்களுக்காகவே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கீழே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டது. அங்கிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. 2004 முதல் அந்த ஏரியின் நீர் சென்னை மாநகரின் தாகத்தையும் தணித்து வருகிறது. ஒரு நன்மையைச் செய்யும்போதே அதனால் இழப்போர் யார் என்று எண்ணிப் பார்ப்பது அறத்தின் முதிர்ந்த நிலை. முதலணையைவிட இரண்டாம் அணையே நம் உள்ளத்தை மிகுதியாகத் தொடுவது இதனால்தான்.

உடல்நலம் குன்றியதால் அவர் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவுக்குச் சென்றார். அங்கே 1841-இல் எலிசபெத் லியர்மந்து அம்மையாரை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் எலிசபெத் பிறந்தார். மீண்டும் இந்தியா வந்து, 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரிக்கு அணை கட்டினார். பஞ்சத்தில் வாடிய அப்பகுதி நெற்களஞ்சியமாயிற்று. ஆந்திர மக்கள் ஊர்தோறும் அவருக்குச் சிலை எழுப்பியுள்ளனர்.

அவரைத் துதிபாடுவது நம் நோக்கமன்று. அவர் பணியாற்றியது வரி வாங்க வந்த ஓர் ஆட்சிக்கு. வயல் செழித்தால் வரியும் பெருகும் என்பது அவ்வாட்சியின் கணக்கு. அக்கணக்கைக் காட்டித்தான் அவரும் பணம் கேட்க வேண்டியிருந்தது. ஆற்று மணலில் அடித்தளம் இடும் நுட்பத்தைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடமே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். மண் சுமந்து, கல் அடுக்கிய கூலியாட்களின் பெயர்களையோ எந்தக் கல்லும் தாங்கவில்லை. நன்றி என்பது இவர்கள் அனைவரையும் நினைப்பதாகும்.

ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பின்னும் அவர் ஓயவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது, இரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குத் தாருங்கள் என்று வாதாடினார். ஆள்வோர் இசையவில்லை. 1899-இல், தம் 96-ஆம் வயதில், டார்க்கிங் என்னும் ஊரில் மறைந்தார். மறு ஆண்டே அவருடைய வரலாற்றை நூலாக வெளியிட்டவர், தாஸ்மேனியாவில் பிறந்த அதே மகள்தான். பல நாடுகளைச் சுற்றிய தந்தையின் வாழ்வைத் தொகுத்து எழுத ஒரு மகள் முன்வந்தாள் என்பதும் அவருக்குக் கிட்டிய ஒரு விருதே.

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளிலும் படையில் பணியாற்றித் திரும்பியோர் வாழும் இல்லங்கள் உண்டு. பனிமலையையும் பாலைவனத்தையும் கண்டு வந்தவர்கள் அவர்கள். ஆண்டுக்கொரு முறை கொடிநாளில் மட்டும் அவர்களை நினைத்தல் போதுமா? அவர்கள் கற்ற ஒழுங்கும் துணிவும் ஊர் ஏரியைத் தூர் வாரவும், வரத்து வாய்க்காலைக் காக்கவும் பயன்படலாகாதா? அழைக்கவேண்டியவர்கள் நாமே.

2018 ஆகஸ்டு 22 அன்று, மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்து வீழ்ந்தன. முன்னோர் கட்டியது நமக்குப் பிறப்புரிமையாக வந்தது. அதைப் பேணுவது நம் கடமையாக எஞ்சியிருக்கிறது. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை இறைவாக்கினர் எசாயா கண்டார். கொள்ளிடக் கரையில் அந்நாள் ஒருமுறை விடிந்தது. அது மீண்டும் விடிவது நம் கைகளில் உள்ளது.