மெஸ்கீட்டின் தூரும் டிராக்டரின் முகப்பும்

டெக்சாஸ் மேய்ச்சல் நிலங்களில் மரம் அகற்றிய வரலாற்றைக் குதிரைத்திறனின் வரலாறாகச் சொல்வதுதான் வழக்கம். முதலில் கோடாரி, பிறகு டிராக்டர், அதன்பின் புல்டோசர், வரவரப் பெரிய எஞ்சின். 1970களில் இந்த வரிசை பின்னோக்கித் திரும்பியது. பிரம்மாண்டமான இயந்திரங்கள் செய்துவந்த வேலையில் ஒரு பகுதியைச் சிறிய டிராக்டரும் அதன் முகப்பில் மாட்டிய ஒடுக்கமான இரும்பு அலகும் எடுத்துக்கொண்டன. எந்தக் கருவி நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்று பார்த்தால், எஞ்சினின் வலிமையைவிட மரத்தின் உறங்கும் மொட்டுகள் இருக்கும் இடமே அதைத் தீர்மானித்திருக்கிறது என்பது என் வாதம்.

மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. இரண்டும் புரோசோபிஸ் என்று அறியப்பட்ட ஒரே பேரினம். இனிப்பான காயை மாடு தின்னும், விதை சாணத்தோடு விழுந்து முளைக்கும். கால்நடை பெருகிப் புல் மொட்டையானதால் காட்டுத்தீயும் குறைந்தது. 1874இல் கிளிடன் என்பவர் காப்புரிமை பெற்ற முள்கம்பி வந்தபின் மந்தைகள் ஒரே நிலத்தில் அடைபட்டன. மரம் புல்வெளிக்குள் இறங்கியது. அதை எதிர்த்த முதல் ஆயுதமான கோடாரி நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மண்ணுக்குள் ஒரு சாணுக்கும் கூடுதலாகப் புதைந்திருக்கும் தண்டுப் பகுதியில் மெஸ்கீட்டுக்கு உறங்கும் மொட்டுகள் உண்டு. மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். ஒற்றை மரம் இருந்த இடத்தில் முள்புதர் எழும். அதனால்தான் தெற்கு டெக்சாஸில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் ஒவ்வொரு தூராகக் கையால் தோண்டி எடுத்தார்கள். எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் அடிமரத்தைச் சுற்றி மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றும் முறையும் பரவியது. பொலபொலப்பான மண்ணில் அது நன்றாக வேலை செய்தது, இறுகிய களிமண்ணில் சொதப்பியது. எண்ணெய் ஒன்றுதான், மரமும் ஒன்றுதான். மொட்டுவரை கசிந்து இறங்கியதா என்பதில்தான் வித்தியாசம்.

பெரிய இயந்திரங்களின் காலமும் இதற்கு விதிவிலக்கல்ல. பட்டைத் தடத்தில் ஓடும் இரண்டு கிராலர் டிராக்டர்களுக்கு நடுவே கப்பலின் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்தால், பார்ப்பவருக்குக் காடே சரிவதாகத் தோன்றும். ஈரமண்ணில் நின்ற நடுத்தர மரங்கள் வேரோடு வந்தன. இளஞ்செடிகளோ சங்கிலிக்கு அடியில் வளைந்துகொடுத்து, அது கடந்ததும் நிமிர்ந்துவிட்டன. காய்ந்த மண்ணில் பெரிய மரங்கள் தூரை விட்டுவிட்டு ஒடிந்தன. வேர்க்கலப்பையின் வழி வேறு. கிராலரின் பின்னால் இழுபடும் அகலமான கிடைமட்ட அலகு மண்ணுக்குள் ஏறத்தாழ ஓரடி ஆழத்தில் ஓடி, மொட்டுப் பகுதிக்குக் கீழே வேரை அறுத்தது. மெஸ்கீட் செத்தது, கூடவே புல்லும் செத்தது. மேய்ச்சலை மீட்கப் போனவர்கள் புல்விதை வாங்கி மறுபடி விதைக்க வேண்டியதாயிற்று.

சிறிய கருவி புகுந்தது இந்த இடைவெளியில்தான். டெக்சாஸ் வேளாண் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பொறியாளர் ஹெரால்ட் வீடமானும் சகாக்களும் குறைந்த ஆற்றலில் தூர் பிடுங்கும் கருவியைப் பற்றி 1977இல் எழுதினார்கள். ஓட்டுநர் மரத்துக்குச் சற்று முன்னாலேயே அலகை மண்ணில் இறக்குவார். வண்டி நகரும்போது அது தூருக்கு அடியில் போய் வேரை அறுக்கும். பிறகு ஹைட்ராலிக் விசையால் அலகைத் திருப்பினால் நெம்புகோல் போலத் தூர் மேலெழும். மரத்துக்கு ஒரு குழி மிஞ்சும், மற்ற இடத்தில் புல் அப்படியே இருக்கும். 1973இன் எண்ணெய் நெருக்கடியால் டீசல் விலை ஏறியதே இதற்குக் காரணம், மொட்டை ஏன் இழுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். விலை ஏறியதால் சிறிய எஞ்சினைத் தேடினார்கள் என்பது சரி. ஆனால் டீசலை மிச்சப்படுத்துவது மட்டும் நோக்கமென்றால் மரத்தைத் தரைமட்டத்தில் நறுக்குவது இன்னும் மலிவு. அப்படி நறுக்கிப் பயனில்லை என்பதை மெஸ்கீட் முன்பே காட்டிவிட்டது. அடர்ந்த புதர்க்காட்டில் பெரிய கலப்பைதான் வேகம் என்ற மறுப்பை நான் ஏற்கிறேன். ஒவ்வொரு தூராகப் பிடுங்கும் முறை மரங்கள் விலகி நிற்கும் நிலத்துக்கே கட்டுப்படியாகும்.

லோடர் கருவிகள் பெருகியபின், இதே மேய்ச்சல் நிலங்களின் ஜூனிபர் மரங்கள் இந்த வாதத்துக்கு இன்னும் தெளிவான சாட்சி தருகின்றன. மின்னசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் 1957இல், வான்கோழிக் கொட்டகையின் எருவை அள்ளுவதற்காகச் செய்த சிறு லோடர்தான் பாப்கேட் வண்டிகளின் மூதாதை (மரத்துக்கும் அதற்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை). முகப்புக் கருவியைச் சட்டென்று கழற்றி மாட்டும் வசதி வந்தபின் அதே வண்டியில் ஹைட்ராலிக் கத்தரியும் ஏறியது. ஆஷ் ஜூனிபரைத் தரையோடு கத்தரித்தால் கதை முடிந்தது, அது துளிர்ப்பதில்லை. ரெட்பெரி ஜூனிபரோ அடியிலிருந்து துளிர்க்கும். அதற்குக் கத்தரி போதாது, தூரைப் பிடுங்க வேண்டும். மருந்து இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்பது அடுத்த மறுப்பு. மெஸ்கீட்மீது பல்லாண்டு தெளிக்கப்பட்ட 2,4,5-டி களைக்கொல்லி, டையாக்சின் கலப்பு பற்றிய அச்சத்தால் 1985க்குள் அமெரிக்காவில் முற்றாக விலக்கப்பட்டது. இன்றும் கத்தரியால் நறுக்கிய மெஸ்கீட் கட்டையில் உடனே மருந்து பூசுவார்கள், இரும்பு எட்டாத மொட்டை மருந்து எட்டட்டும் என்று.

தமிழ்நாட்டில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இட்ட உத்தரவுக்குப் பின் சீமைக்கருவேலத்தின்மீது பாய்ந்த ஜேசிபி, பள்ளம் தோண்டவே பிறந்த வண்டி. அதன் பல்வைத்த பக்கெட் ஆழமாக இறங்கினால் தூரும் வரும், அவசரப்பட்டால் அடிமரம் முறியும். இராமநாதபுரத்துக் கரிமூட்டக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. அவர்கள் தரைக்கு மேலே அரிவாளாலும் கோடாரியாலும் வெட்டி, தூரை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். சில ஆண்டுகளில் அடுத்த மூட்டத்துக்கான விறகு அதே தூரிலிருந்து தயாராகிவிடும்.